கவுண்ட் இல்லாத கவுண்டி

விளையாட்டுப் பக்கம் படிக்கிற தமிழருக்குக் கவுண்டி என்றால் கிரிக்கெட்தான். அஸ்வின் 2017-ல் வூஸ்டர்ஷயருக்கு ஆடப் போனார். பிறகு நாட்டிங்ஹாம்ஷயர், அதன் பிறகு சர்ரே. எந்தத் தமிழ்ப் பத்திரிகையும் அதை ‘மாவட்டக் கிரிக்கெட்’ என்று எழுதவில்லை. எழுதாததே நல்லது. மாவட்டம் என்றால் கலெக்டர் ஆபீஸ் கண்முன் வந்து நிற்கும். ஆனால் இங்கிலாந்தில் கிரிக்கெட்டின் கவுண்டி சாம்பியன்ஷிப் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது 1890-ல். ரக்பி யூனியனில் முதல் கவுண்டி சாம்பியன் அதற்கு ஓராண்டு முன்பே, 1889-ல், வந்துவிட்டது: யார்க்ஷயர். கிரிக்கெட்டில் கவுண்டி என்பது சம்பளம் தரும் அணி. ரக்பியில் அது நூறாண்டுக் காலம் ஏணியின் நடுப்படி. ஊர் கிளப்புக்கும் இங்கிலாந்து சட்டைக்கும் நடுவே இருந்த ஒரே படி என்றுகூடச் சொல்லலாம். அந்தப் படிக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது, பெயர் நிற்கப் படி எப்படி நகர்ந்தது என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் ஒலி செய்யும் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரயில் நிலையத்து டிக்கெட் கவுண்டருக்கும் இதற்கும் உறவில்லை. அது ‘எண்ணுதல்’ என்ற பொருளுடைய வேறொரு லத்தீன் வேரிலிருந்து வந்தது. கொங்குநாட்டுப் பட்டப்பெயருக்கும் இதற்கும் ஒலி ஒற்றுமையைத் தவிர எதுவும் கிடையாது. கவுண்டியின் மூலம் ‘கோமெஸ்’ என்ற லத்தீன் சொல். ‘கூட’ என்பதற்கு ஒரு முன்னொட்டு, ‘போ’ என்பதற்கு ஒரு வினையடி, சேர்த்தால் கூடப்போகிறவன். ரோமப் பேரரசர் பயணம் போகும்போது உடன் போனவர்களைக் குறித்த சொல் மெல்ல மெல்லப் பதவிப் பெயராகிவிட்டது. ரோமர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் பிரிட்டனின் தென்கிழக்குக் கரையைக் காத்த தளபதிக்கே ‘சாக்சன் கரையின் கோமெஸ்’ என்று பட்டம் இருந்தது. அந்தப் பட்டம் பிரெஞ்சு வழியாக ‘கவுண்ட்’ ஆயிற்று. கவுண்ட் ஆளும் நிலம் கவுண்டி.

1066-ல் நார்மன்கள் வந்தபோது கையோடு இந்தச் சொல்லையும் கொண்டுவந்தார்கள். ஆனால் இங்கிலாந்தில் நாட்டுப் பிரிவுக்கு ஏற்கெனவே ‘ஷயர்’ என்ற பழைய சொல் இருந்தது. பொறுப்பு, கண்காணிப்பு என்பது அதன் ஆதிப் பொருள். ஷயரைக் கவனித்துக்கொண்ட ‘ரீவ்’ என்ற அதிகாரிதான் தேய்ந்து ‘ஷெரீஃப்’ ஆனார். பிரபுவுக்கும் ‘ஏர்ல்’ என்ற உள்ளூர்ப் பட்டம் இருந்தது. நார்மன் ஆட்சியில் நிலத்துக்குப் புதுப்பெயர் ஒட்டியது, ஆளுக்கு ஒட்டவில்லை. ஆக, இங்கிலாந்தில் கவுண்டி உண்டு, கவுண்ட் கிடையாது. ஏர்லின் மனைவி மட்டும் இன்றைக்கும் ‘கவுண்டஸ்’. பழைய பெயர் வீட்டுக்குள் மட்டும் பிழைத்திருக்கிறது!

லங்காஷயரும் யார்க்ஷயரும் முதல்முறை ரக்பியில் மோதியது 1870-ல், லீட்ஸில். ரக்பி ஃபுட்பால் யூனியன் என்ற அமைப்பே 1871 ஜனவரியில்தான் லண்டனில் ஓர் உணவகத்தில் கூடி உருவானது. இங்கிலாந்து–ஸ்காட்லாந்து முதல் ஆட்டம் அதே ஆண்டு மார்ச்சில். அதாவது நாடு என்ற அணிக்கு முன்பே கவுண்டி என்ற அணி இருந்தது. தேசிய அணிக்கு ஆள் வேண்டுமென்றால் எங்கே தேடுவது? அந்தக் காலத்தில் கிளப்புகளுக்கு லீக் கிடையாது. ஒருவருக்கொருவர் கடிதம் போட்டு ஏற்பாடு செய்துகொண்ட நட்பு ஆட்டங்கள்தான். புள்ளிப் பட்டியல் இல்லாத இடத்தில் எந்த கிளப் பெரியது, அதில் எந்த ஆள் தேறுவான் என்று வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? கவுண்டிதான் சல்லடை. சின்ன ஊர் கிளப்பில் ஆடும் பையனைக் கவுண்டித் தேர்வாளர்கள் ஒரு டிரையல் மேட்சுக்குக் கூப்பிடுவார்கள். அதில் தேறினால் கவுண்டி ஆட்டம். அங்கே தேசியத் தேர்வாளர்கள் நோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். அடுத்து தேசிய டிரையல், பிறகு கேப், அதாவது இங்கிலாந்து அணியில் இடம். பெரிய கிளப்பில் இடம் கிடைக்காதவனும் இந்த வழியில் மேலே போக முடிந்தது என்பதுதான் இதன் பெருமை.

சல்லடை கிழிந்தால் என்ன ஆகும் என்பதையும் வரலாறு காட்டியிருக்கிறது. முதல் எட்டு சாம்பியன்ஷிப்களில் ஏழு யார்க்ஷயருக்கு. மீதி ஒன்று லங்காஷயருக்கு. வடக்கு கவுண்டிகளின் ஆட்டக்காரர்களில் பலர் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்தவர்கள். ஆட்டத்துக்காக ஷிஃப்டை விட்டால் கூலி போகும். அந்தக் கூலியையாவது ஈடுகட்டுங்கள் என்று வடக்கு கிளப்புகள் கேட்டன. லண்டன் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29-ந் தேதி ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, வடக்கு கிளப்புகள் பிரிந்து ‘நார்தர்ன் யூனியன்’ அமைத்துக்கொண்டன. பிற்காலத்து ரக்பி லீக் அதுதான். 1896-ல் வென்ற யார்க்ஷயர் அடுத்த பட்டத்துக்கு 1926 வரை காத்திருந்தது. அண்டை நாடுகளோடு ஆண்டுதோறும் ஆடும் போட்டியை 1892-ல் வென்ற இங்கிலாந்து, அடுத்து வென்றது 1910-ல். ஒரே காரணத்தில் எல்லாவற்றையும் கட்ட முடியாது. ஆனால் விளைநிலத்தில் பாதியைக் கைவிட்டுவிட்டு விளைச்சலில்லை என்று புலம்பியவர்கள் மேல் எனக்கு அனுதாபம் வரவில்லை.

யார்க்ஷயரும் லங்காஷயரும் காலியானதும் மற்ற பெயர்கள் மேலே வந்தன: கென்ட், டரம், டெவன், கார்ன்வால். இவற்றில் ஒன்றிலும் ‘ஷயர்’ இல்லை என்பதைக் கவனிக்கலாம். டரம், பிஷப்பே அரசனைப் போல ஆண்ட நிலம். இன்றும் அதை ‘கவுண்டி டரம்’ என்று முன்னால் போட்டுத்தான் சொல்வார்கள். கார்ன்வால் கதை இன்னும் ருசியானது. தங்கள் மொழியில் அந்த மக்கள் அதற்கு வைத்த பெயர் கெர்னோ. அதன் முன்பாதியை எடுத்துக்கொண்டு, பின்னால் ‘அந்நியர்’ என்ற தங்கள் சொல்லை ஆங்கிலேயர் ஒட்டினார்கள். வேல்ஸ் என்ற பெயரிலும், வால்நட்டிலும் இருப்பது அதே அந்நியர்தான். தன் சொந்த மண்ணிலேயே அந்நியர் என்று பெயர் வாங்கிய ஜனத்துக்கு, ஓர் அணியாக நின்று லண்டன்காரரை எதிர்கொள்ள ரக்பி கவுண்டி சாம்பியன்ஷிப் வாய்த்தது. அங்கே கவுண்டி என்ற சொல்லுக்கு நாடு என்ற எடை ஏறிவிட்டது.

1908-ல் ரெட்ருத் ஊரில் நடந்த இறுதியாட்டத்தில் டரமை 17–3 என்று வீழ்த்தி கார்ன்வால் முதல்முறை பட்டம் வென்றது. அந்த ஆண்டு லண்டனில் ஒலிம்பிக்ஸ். ரக்பிக்கு கிரேட் பிரிட்டன் சார்பில் யாரை அனுப்புவது? கவுண்டி சாம்பியனையே அனுப்பினார்கள். பிரான்ஸ் விலகிக்கொண்டதால் போட்டியில் இரண்டே அணிகள். ஆட்டமும் ஒன்றே ஒன்று. சுற்றுப்பயணம் வந்திருந்த ஆஸ்திரேலிய அணியிடம் கார்ன்வால் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தது. அக்டோபர் 26-ந் தேதி, நீச்சல் குளமும் மைதானத்துக்குள்ளேயே இருந்த வைட் சிட்டி ஸ்டேடியத்தில், மறுபடியும் தோற்றது: 32–3. தோற்றவருக்கு வெள்ளி. ஒரு கவுண்டி, நாட்டின் பெயரைச் சுமந்து ஒலிம்பிக் பதக்கம் வாங்கியது இப்படித்தான்.

அந்த அணியில் பெர்ட் சாலமன் என்றொரு சென்டர் ஆட்டக்காரர் இருந்தார். ரெட்ருத்காரர், பன்றிக்கறி பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலை. பந்தைக் கொடுப்பதுபோல் பாவனை காட்டிக் கொடுக்காமல் ஓடுவதில் மன்னன் என்று பெயர். 1910 ஜனவரியில் ட்விக்கன்ஹாமில் நடந்த முதல் சர்வதேச ஆட்டத்துக்கு, வேல்ஸுக்கு எதிராக, அவரை எடுத்தார்கள். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து ஒரு டிரை அடித்தார். இங்கிலாந்து 11–6 என்று ஜெயித்தது. சாலமன் ஊருக்கு ரயில் ஏறினார். அதன் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் இங்கிலாந்துக்கு ஆட வரவில்லை. கார்ன்வாலுக்கு ஆடினார். ஏணி என்று நாம் சொல்வதை அவர் ஏணியாக நினைக்கவே இல்லை போலிருக்கிறது. கவுண்டி ரக்பியை வெறும் ஆள் தயாரிக்கும் பட்டறையாக எழுதுகிறவர்கள் இந்த மனிதரைத் தாண்டிப் போக முடியாது.

‘கவுண்டி’க்கு வேறு வாசனையும் உண்டு. ஆங்கிலேயர் ஒருவரைப் பற்றி ‘ரொம்பக் கவுண்டி’ என்று சொன்னால், நிலபுலன், குதிரை, வேட்டை நாய் என்று வாழ்கிற பழைய பணக்காரக் குடும்பம் என்று பொருள். ரக்பியில் அந்த வாசனை இடத்துக்கு இடம் மாறியது. லண்டனைச் சுற்றிய கவுண்டிகளில் அது பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பப்ளிக் ஸ்கூல் வாசனை. 1958-க்கும் 1965-க்கும் நடுவே எட்டு ஆண்டில் ஏழு பட்டம் குவித்த வார்விக்ஷயருக்கோ முதுகெலும்பு கார்த் தொழிற்சாலை நகரமான கோவென்ட்ரியின் கிளப். போகிற போக்கில் ஒன்று: ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்த ரக்பி ஊரும் இதே வார்விக்ஷயரில்தான். 1086-ன் நிலக் கணக்கேட்டில் அது ரோச்சபெரி. ரோக்கா என்பவனின் கோட்டை. அந்த ரோக்கா யார் என்று யாருக்கும் கவலையில்லை.

பெயருக்கும் நிலத்துக்கும் இருந்த முடிச்சு 1965-ல் பகிரங்கமாக அவிழ்ந்தது. லண்டன் பெருநகர நிர்வாகம் அமைந்தபோது மிடில்செக்ஸ் என்ற கவுண்டியையே கலைத்துவிட்டார்கள். ட்விக்கன்ஹாம் ஸ்டேடியம் நின்றது பழைய மிடில்செக்ஸ் மண்ணில். அரசாங்க வரைபடத்தில் இல்லாத மிடில்செக்ஸ் 1979-லும் 1985-லும் ரக்பிக் கவுண்டி சாம்பியன்! மறுபக்கம், எந்தக் காலத்திலும் கவுண்டியாக இருந்திராதவையும் கவுண்டியாக ஆடுகின்றன. ஈஸ்டர்ன் கவுண்டீஸ் என்பது பல கவுண்டிகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. பர்மிங்காமை நடுவில் வைத்துக்கொண்ட நார்த் மிட்லண்ட்ஸ் அதுபோல் இன்னொன்று. ரக்பி ஃபுட்பால் யூனியனின் நிர்வாக ஏட்டில் இவற்றுக்கெல்லாம் ‘கான்ஸ்டிட்யுவண்ட் பாடி’ என்று பெயர். தரைப்படை, கடற்படை, ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் எல்லாம் அதே பட்டியலில். எவ்வளவு சரியான பெயர், எவ்வளவு செத்த பெயர்! ‘கமான் கான்ஸ்டிட்யுவண்ட் பாடி’ என்று யாராவது கத்துவார்களா?

கத்தியவர்கள் 1991-ல் ட்விக்கன்ஹாமில் கூடினார்கள். கார்ன்வால்–யார்க்ஷயர் இறுதியாட்டம். கறுப்பும் தங்க நிறமுமாகக் கார்ன்வாலே காலியாகி வந்தது என்பார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு ‘ட்ரிலானியின் படை’ என்று பெயர். ஜோனத்தன் ட்ரிலானி, 1688-ல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் சிறையில் அடைத்த ஏழு பிஷப்புகளில் ஒருவர், கார்ன்வால்காரர். பின்தங்கியிருந்த கார்ன்வால் சமன்செய்து, கூடுதல் நேரத்தில் 29–20 என்று வென்றது. 1908-க்குப் பிறகு முதல் பட்டம்.

கூட்டம் என்னவோ அப்படித்தான். ஆனால் அதற்குள் படியின் கீழே மண் அரித்துவிட்டது. 1987-ல் கிளப்புகளுக்கு தேசிய அளவில் லீக் வந்தாயிற்று. யார் பெரிய கிளப் என்பது பட்டியலிலேயே தெரிந்தது; தேர்வாளர்கள் நோட்டோடு அங்கே போய்விட்டார்கள். 1995 ஆகஸ்டில் ரக்பி யூனியன் சம்பள ஆட்டமாக மாறியதும், சம்பளம் கொடுக்கும் கிளப் தன் ஆளைக் கவுண்டி ஆட்டத்துக்கு அனுப்பிக் காலை உடைத்துக்கொள்ள விடுமா? பெரிய கிளப்புகளின் ஆட்டக்காரர்கள் கவுண்டி சாம்பியன்ஷிப்பிலிருந்து விலக, கீழ்நிலை கிளப்புகளின் ஆட்டக்காரர்களுக்கான போட்டியாக அது சுருங்கியது. அவர்களுக்கு அது ஏணியல்ல, மரியாதை. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஆடுகிறவர் கவுண்டிச் சட்டையைச் சட்டமிட்டு மாட்டுகிறார் என்றால் அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

கோப்பைகளுக்கு இப்போது ஆள் பெயர்கள். ஆண்களுக்கு பில் பியூமண்ட் கோப்பை. லங்காஷயரில் ஃபைல்ட் கிளப்பின் ஆறாவது அணியில் தொடங்கி, கவுண்டி வழியாக ஏறி, 1980-ல் இங்கிலாந்துக்குக் கேப்டனாக, எல்லா ஆட்டங்களையும் ஜெயித்து கிராண்ட் ஸ்லாம் வென்றவர் அவர். 1982-ல் நார்த் மிட்லண்ட்ஸுக்கு எதிரான கவுண்டி இறுதியாட்டத்தில் தலையில் பட்ட அடிதான் அவருடைய ஆட்ட வாழ்க்கையை முடித்தது. எந்தப் போட்டி அவரை அனுப்பி வைத்ததோ அதற்கே அவர் பெயர் வைத்திருப்பது பொருத்தமா குரூரமா என்று என்னால் முடிவுசெய்ய முடியவில்லை. பெண்களுக்கு கில் பர்ன்ஸ் கோப்பை. 1994-ல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியில் ஆடியவர் அவர்.

ஆட்டக்காரரை வளர்க்கும் வேலை இன்று பெரிய கிளப்புகளின் அகாடமிகளிடம் இருக்கிறது. பதினாலு, பதினைந்து வயதிலேயே பையன்களை அடையாளம் கண்டு பயிற்சி கொடுக்கிறார்கள். ஆனால் எந்த அகாடமி எந்தப் பையனைத் தேடலாம் என்று ஒரு வரையறை வேண்டாமா? ரக்பி ஃபுட்பால் யூனியன் நாட்டைப் பங்குபோட்டுக் கொடுத்தபோது எல்லைக்கோடு பெரும்பாலும் கவுண்டிகளை ஒட்டியே விழுந்தது. எக்ஸிடர் கிளப்பின் அகாடமிக்கு டெவனும் கார்ன்வாலும். ரெட்ருத்தில் ஒரு பையன் நன்றாக ஓடினால் இப்போது அவனைப் பார்க்க வருகிறவர் எக்ஸிடரிலிருந்து வருவார்.