எலுமிச்சை இல்லை, சுண்ணாம்பு

ரொம்ப வருஷமா எனக்கு ஒரு தப்பான எண்ணம் இருந்தது. இங்கிலீஷ் பேப்பரில் 'லைம்லைட்' என்ற வார்த்தையை எங்கே பார்த்தாலும், மேடை மேல லேசா பச்சை கலந்த மஞ்சள் வெளிச்சம் விழுகிற மாதிரி மனசுக்குள் ஒரு படம் ஓடும். லைம் என்றால் நமக்கு லைம் ஜூஸ்தானே? சாப்ளினோட 'லைம்லைட்' (1952) பார்த்தபோதுகூட, கறுப்பு வெள்ளைப் படமாப் போச்சே, அந்த மஞ்சளைப் பார்க்க முடியலையே என்று வருத்தப்பட்டேன். சிரிக்காதீங்க. அப்புறம் ஒரு நாள் வேற எதையோ தேடி அகராதியைப் புரட்டும்போதுதான் தெரிந்தது, அது பழமே இல்லை. சுண்ணாம்பு! சுவரில் அடிக்கிறோமே, வெத்தலையில் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்பு.

ரெண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு. ஆனால் சொந்தமே கிடையாது. பழத்தோட பேர் அரபியிலிருந்து ஐரோப்பா வழியாகச் சுற்றி வந்தது. சுண்ணாம்போட பேர் பழைய இங்கிலீஷ், முதலில் 'ஒட்டுகிற பசை' என்று அர்த்தம். சரி, மேடை விளக்குக்கும் சுண்ணாம்புக்கும் என்ன சம்பந்தம்? அங்கேதான் கதை.

1820களில் கோல்ட்ஸ்வொர்தி கர்னி என்ற ஆங்கிலேயர், ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து எரிக்கிற சுடரை வைத்து ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தார். அந்தச் சுடருக்கு வெளிச்சம் அதிகம் கிடையாது, சூடுதான் பயங்கரம். சூளையிலிருந்து எடுத்த, தண்ணி ஊற்றி நீற்றாத சுண்ணாம்புத் துண்டை அதில் காட்டினால் அது உருகாது. அப்படியே கண்ணைக் கூசுகிற வெள்ளையாக ஒளிவிடும். இதை மைக்கேல் ஃபாரடே ஒரு கூட்டத்தில் செய்து காட்ட, பார்த்துக்கொண்டிருந்த தாமஸ் டிரம்மண்ட் என்ற ராணுவ இன்ஜினியருக்குப் பொறி தட்டியது. அவருக்கு நாடகமெல்லாம் நினைப்பில் இல்லை. அவர் நில அளவைக்காரர். அயர்லாந்தை அளக்கணும், ஒரு மலையிலிருந்து இன்னொரு மலையைப் பார்க்கணும், நடுவில் எப்பவும் மூட்டம். அவர் செய்த சுண்ணாம்பு விளக்கு அறுபது மைலுக்கு அப்பாலும் தெரிந்தது. (நம்ம பரங்கிமலைப் பக்கம் 1802-ல் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து ஆரம்பித்தாரே, அதே தொழில்தான். மலைக்கு மலை பார்த்து முக்கோணம் போடுகிற வேலை.)

மலை உச்சியிலிருந்து இது மேடைக்கு வர ரொம்ப நாள் ஆகவில்லை. 1836 அக்டோபரில், கென்ட் பகுதியில் ஹெர்ன் பே என்ற ஊரில், கடற்பாலத்தின் மேல நடந்த ஒரு வித்தைக்காரரின் ராத்திரி நிகழ்ச்சிக்கு இந்த வெளிச்சம் போட்டார்கள். அடுத்த வருஷமே லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கத்துக்குள்ள நுழைந்துவிட்டது. 1860, 70களில் பெரிய கொட்டகை எதிலும் இது இல்லாமல் நாடகம் இல்லை என்ற நிலைமை.

ஏன் இப்படி ஒரு மவுசு? அதுவரைக்கும் மேடைக்கு எண்ணெய் விளக்கு, அப்புறம் கேஸ் விளக்கு. ரெண்டும் ராஜாவுக்கும் சேவகனுக்கும் ஒரே மாதிரிதான் வெளிச்சம் போடும். சுண்ணாம்பு விளக்குக்கு முன்னால் ஒரு லென்ஸை வைத்தால், வெளிச்சத்தை ஒரே ஒரு ஆள் மேல குவிக்கலாம், அவர் நடந்தால் கூடவே நகர்த்தலாம். 'லைம்லைட்டில் இருக்கிறார்' என்று இன்றைக்கு எழுதுகிறார்களே, அந்த அர்த்தம் பிறந்தது இங்கேதான். எல்லோரும் மேடையில் இருப்பார்கள், ஒருத்தர் மட்டும் தெரிவார்.

அந்த ஒருத்தரைத் தெரிய வைக்க இன்னொருத்தர் பக்கத்து இருட்டிலோ மேலே பரணிலோ நின்று படாத பாடு படணும். சுண்ணாம்பு சும்மா இருக்காது. சுடர் படுகிற இடத்தில் குழி விழும். அப்பப்ப அதைத் திருப்பி விட்டுக்கொண்டே இருக்கணும், இல்லையென்றால் வெளிச்சம் மங்கும். ஒரு விளக்குக்கு ஒரு ஆள். கேஸ் ரெண்டும் பெரிய பெரிய பைகளில் இருக்கும். அந்தப் பைகளைப் பலகைக்கு நடுவில் வைத்து மேல பாரம் ஏற்றி அழுத்துவார்கள். அழுத்தம் முன்னே பின்னே ஆகி ஒரு பையிலிருந்த கேஸ் இன்னொரு பைக்குள் போனால் தீர்ந்தது, வெடிதான். விளம்பர நோட்டீஸில் இந்த ஆளோட பேர் எங்கே வரப் போகுது?

அந்தக் காலத்து மேடையே நெருப்போட குடித்தனம் நடத்தின இடம். 1844 டிசம்பரில் டிரூரி லேன் அரங்கத்தில் கிளாரா வெப்ஸ்டர் என்ற நாட்டியப் பெண் ஆடிக்கொண்டிருந்தார். மேடையில் இருந்த விளக்கு அவர் பாவாடையில் பற்றியது. மெல்லிய துணி, நொடியில் எரிந்தது. ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. மூணு நாளில் போய்ச் சேர்ந்தார். இருபதைத் தாண்டிய சின்ன வயசு. 1887 செப்டம்பர் 5-ல் எக்ஸிடர் ஊரில், கட்டி ஒரு வருஷம்கூட ஆகாத தியேட்டரில் மேடைக்குப் பின்னால் கேஸ் விளக்கிலிருந்து திரைச்சீலையில் தீ பிடித்து 186 பேர் செத்தார்கள். மலிவு டிக்கெட் வாங்கி மேல் மாடியில் உட்கார்ந்தவர்கள்தான் அதில் அதிகம். வெளியே வர வழி போதவில்லை.

இந்தப் பயத்தில் பிறந்த இன்னொரு வார்த்தை உங்களுக்கு நல்லாவே தெரியும்: 'அயர்ன் கர்ட்டன்', இரும்புத்திரை. 1946 மார்ச்சில் அமெரிக்காவின் ஃபுல்டனில் பேசும்போது சர்ச்சில் அதை உலகம் பூரா பரப்பினார். அப்புறம் 1960-ல் வாசன் எடுத்த சிவாஜி படத்துக்கும், 2018-ல் விஷால் படத்துக்கும் அதுதான் தலைப்பு. ஆனால் அது முதலில் அரசியல் இல்லை, நிஜமான இரும்பு. மேடையில் தீ பிடித்தால் ஜனங்கள் பக்கம் வராமல் தடுக்க மேலிருந்து இறக்குகிற தடுப்பு. 1794-ல் டிரூரி லேன் அரங்கத்தைப் புதுசாகக் கட்டித் திறந்தபோது அதைப் பெருமையாக இறக்கிக் காட்டினார்கள். 1809 பிப்ரவரி 24 ராத்திரி அதே அரங்கம் எரிந்து சாம்பல் ஆனது! முதலாளி ஷெரிடன் எதிர்க் கடையில் கோப்பையோட உட்கார்ந்து, "சொந்த வீட்டு அடுப்புப் பக்கத்தில் ஒரு மனுஷன் ஒயின் குடிக்கக்கூடாதா?" என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, நெஞ்சழுத்தம்தான்.

சுண்ணாம்புக்கு முடிவு கட்டியது கரண்ட். 1881 டிசம்பர் 28, லண்டன் சவாய் தியேட்டர். முதலாளி டாய்லி கார்ட்டே மேடைக்கு வந்து, எரிந்துகொண்டிருந்த பல்பைத் துணியில் சுற்றி எல்லோர் முன்னாடியும் உடைத்துக் காட்டினார். துணி பற்றவில்லை. கைதட்டல். அப்படியும் எல்லோரும் உடனே மாறிவிடவில்லை. லைசியம் அரங்கத்தில் ஹென்றி இர்விங் (இவரோட மேனேஜர்தான் பின்னாடி 'டிராகுலா' எழுதின பிராம் ஸ்டோக்கர்) கேஸையும் சுண்ணாம்பையும் விட மனசில்லாமல் வைத்திருந்தார். அந்த வெளிச்சத்தில் ஒரு மென்மை இருந்ததாம்.

மென்மையோ என்னவோ, இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு எங்க பெரியப்பா ஞாபகம்தான் வந்தது. ஊர்த் திருவிழா நாடகத்துக்கு கேஸ் லைட் அவர் பொறுப்பு. கேஸ் லைட் என்றால் பெட்ரோமாக்ஸ். ராத்திரி பூரா சுற்றிச் சுற்றி வந்து பம்ப் அடித்துக்கொண்டே இருப்பார். கொஞ்சம் மங்கினாலும், அர்ஜுனன் தபசை நிறுத்திவிட்டு "லைட்டூ..." என்று கத்துவார். கூட்டம் சிரிக்கும். பெரியப்பா ஓடுவார். இரண்டு கையிலும் சூடு பட்ட தழும்பு இருந்தது அவருக்கு. அர்ஜுனனுக்கு ரூபாய் நோட்டு மாலை போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் இன்னொரு வேடிக்கை. பெட்ரோமாக்ஸ் மாண்டிலும் சுண்ணாம்பு விளக்கும் ஒரே சாதி. சுடர் தர்றது சூடு, வெளிச்சம் தர்றது சூடாகிற பொருள். சுண்ணாம்புக்குப் பதில் தோரியம், அவ்வளவுதான். ஆயர் என்ற ஆஸ்திரியக்காரர் 1891-ல் 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்த்து இதைத் தேற்றினார். நூல் எரிந்து, ஆக்சைடு சாம்பல் மட்டும் கூடாக நிற்கும். அதனால்தான் தொட்டால் பொலபொலன்னு உதிரும். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் தொட்டு கவுண்டமணி வயிறெரிந்தாரே, அதுக்குக் காரணம் இந்த வேதியியல்தான் :-) அந்தத் தோரியத்துக்காக 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் தேடிக் கண்டுபிடித்த மணல், அப்போ திருவிதாங்கூரில் இருந்த நம்ம மணவாளக்குறிச்சி மணல். கப்பல் கப்பலாகப் போனது.

இன்றைக்கு எந்தத் தியேட்டரிலும் சுண்ணாம்பு கிடையாது. ஆனால் இங்கிலாந்து நாடகக்காரர்கள், நடிகரைத் துரத்திப் போகிற விளக்கை இப்பவும் 'லைம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்க ஊரில் டியூப் லைட் வந்த பிறகும் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் பெரியப்பாவை 'கேஸ் லைட்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.