சுமங்கலித் திட்டம்: தொகையில் மறைந்த கூலி

'சுமங்கலித் திட்டம்' என்ற சொல்லை இலக்கணப்படி விரித்தால் 'சுமங்கலி ஆவதற்கான திட்டம்' என்று வரும். நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. மறைந்தது உருபு மட்டுந்தானா? மில், முதலாளி, ஷிப்ட், கூலி எதுவும் இதற்குள் இல்லை. ஒரு வேலை ஒப்பந்தத்தின் பெயரில் வேலையே இல்லாமல் போனதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது.

முதல் பாதி ரொம்பப் பழசு. இருக்கு வேதம் பத்தாம் மண்டலத்தின் கலியாணப் பாடலிலேயே மணப்பெண்ணுக்கு இந்தச் சொல் வருகிறது. கொங்குக் கிராமங்களிலோ கட்டுக்கழுத்தி என்றும், எழுதிங்கள் சீர் முடித்தவளை எழுதிங்கள்காரி என்றும் சொல்வார்கள். (இந்தச் சொற்களும் விதவையை வெளியே நிறுத்துபவைதான், இவற்றைக் கொண்டாட ஒன்றுமில்லை.) ஆனால் ஒரு வட்டாரத்தின், ஒரு சாதியின் சீர்ச்சொல் மில்லுக்கு உதவாது. தேனி, திண்டுக்கல், திருநெல்வேலி என்று வெளியே போய் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படிப் பிடித்ததில் பெரும்பகுதி தலித் வீட்டுப் பெண்கள். சினிமாவும் பத்திரிகையும் எல்லார் வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்த சொல்தான் அங்கே எடுபடும்.

'திட்டம்' அரசாங்கத்தின் சொல். ஐந்தாண்டுத் திட்டம், சத்துணவுத் திட்டம், 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் வந்த திருமண உதவித் திட்டம். மில் ஏஜென்ட் வாசலில் வந்து 'திட்டம்' என்று சொன்னால் கவர்மெண்டே குடுக்கறாட்டம் இருக்கும்.

1990களின் இறுதியில் இது பரவியது. 2005 ஜனவரி 1இல் உலக ஆடை வணிகத்தின் கோட்டா முறை முடிந்தபின் பெருகியது. கலியாணமாகாத பெண்கள், மூன்று வருசம், மில் விடுதி, முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாக. அந்த மொத்தம் யார் பணம்? அவளுடைய கூலியில் பிடித்து வைத்ததுதான். உடம்பு கெட்டு இடையில் வீடு திரும்பிய பலருக்கு அதுவும் கைக்கு வரவில்லை. வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். அதே வருசத்துப் பயிலுநர் சட்டம், பயிலுநர் தொழிலாளி ஆகமாட்டார் என்கிறது. மில்கள் முதல் சட்டத்தை மறந்துவிட்டு, இரண்டாவதிலிருந்து 'பயிலுநர்' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டன.

கோவைக்கு இன்னொரு தொகைச்சொல்லும் உண்டு: பஞ்சாலைத் தொழிலாளி. 1946 ஜனவரி 8இல் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தோழர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் ரங்கவிலாஸ் மில்காரர்கள். சங்கம், போனஸ், பணி நிரந்தரம் எல்லாம் அந்தச் சொல்லோடு வந்து ஒட்டிக்கொண்டவை. நூற்பாலையில் அதே வேலையைச் செய்கிற பெண்ணை 'சுமங்கலி' ஆக்கியதும் அத்தனையும் கழன்றுவிடுகின்றன. வருங்காலப் பொண்டாட்டி போனஸ் கேட்பாளா?

2011இல் நெதர்லாந்தின் சோமோ அமைப்பு, இந்தியா கமிட்டியோடு சேர்ந்து இதைப்பற்றி அறிக்கை வெளியிட்டது. வெளிநாட்டுக் கம்பெனிகள் கேள்வி கேட்டதும் மில்கள் பெயரைத்தான் முதலில் கைவிட்டன. 'கேம்ப் கூலி' என்ற பேச்சு வந்தது. இதிலாவது 'கூலி' வெளியே தெரிகிறது. விடுதிகளும் அவற்றின் கேட்டும் அப்படியே இருந்தன. இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இறங்குகிற பெண்களுக்குத் தமிழில் பெயர் எதுவும் வைக்கவேண்டியிருக்கவில்லை.