நாற்பதுக்குப் பின் மேடை: ஃபான்டெய்னும் பாலசரஸ்வதியும்

பரதநாட்டியக் கலைஞர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி (பாலா) பிறந்தது 1918 மே 13. ஆங்கில பாலே நடனமணி மார்கோ ஃபான்டெய்ன் பிறந்தது 1919 மே 18. ஏறத்தாழ ஒரே வயதுக்காரர்களான இருவரும் 1962இல், நாற்பதைக் கடந்த பிறகு, தத்தம் கலையில் புது வாசல்களைத் திறந்தார்கள். ஆனால் அதற்கு இருவருக்கும் கைகொடுத்தது ஒன்றல்ல.

அந்த ஆண்டு பிப்ரவரி 21 அன்று லண்டன் கோவென்ட் கார்டனில் ஃபான்டெய்ன் 'ஜிசெல்' ஆடினார். வயது 42, ஓய்வு பெற்றுவிடுவார் என்று பலரும் நினைத்திருந்த நேரம். உடன் ஆடிய ருடால்ஃப் நூரேயெவுக்கு 23. ஜிசெல் முதல் பாதியில் கிராமத்துப் பெண், இரண்டாம் பாதியில் ஆவி. கால்விரல் நுனியில் நின்றும் துள்ளியும் உடம்புக்கு எடையே இல்லை என்று காட்டியாக வேண்டும். வயதுக்கு அங்கே சலுகை கிடையாது. விடாத பயிற்சியும் இளம் இணையின் வேகமும் அவரை மேலும் பல ஆண்டுகள் ஆடவைத்தன.

அதே ஆண்டில் அமெரிக்காவின் ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழாவில் பாலா ஆடினார். வயது 44. மெலிந்த உடல்வாகு இல்லை. உடல்நலமும் பலமுறை படுத்தியிருக்கிறது. வர்ணம் என்ற நீண்ட உருப்படியின் ஜதிகளும், முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டியும் முழங்காலை வருத்தும்தான். அபிநயத்துக்கான பாடலான பதத்தில் கதை வேறு: ஒரே வரியைப் பாட்டு திரும்பத் திரும்ப எடுக்க, கண்ணும் கையும் ஒவ்வொரு முறையும் புதுப் பொருள் சொல்லும். தாய் ஜயம்மாளின் பாட்டிலேயே வளர்ந்த பாலாவுக்கு வயது அங்கே மூலதனமானது. சத்யஜித் ராயின் 'பாலா' ஆவணப்படம் 1976இல் வந்தபோது அவருக்கு 58.

வேலைக்குப் போய்க்கொண்டே பாலே பழகி, இடையில் விட்டு, மறுபடி மேடையேற நினைப்பவருக்கு ஃபான்டெய்னின் வழி கடினம். அதற்கு அன்றாடப் பயிற்சி வேண்டும். அதிர்வைத் தாங்கும் பலகைத் தளமும் வேண்டும். சிமெண்ட் மேடைதான் வாய்க்கிறது என்றால், கால்விரல் நுனியில் நிற்பதற்கான பாயின்ட் ஷூவைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஆனால் பாலாவின் பதத்தைப் போல, மென்மையான துணிக்காலணியில் ஆடும் சிறு நடனமும், நடிப்புக்கு இடம்தரும் பாத்திரமும் பாலேயிலும் உண்டு.

ஆகவே, திரும்புகிறவர் பழைய உருப்படியைத் தூசி தட்டி எடுக்க வேண்டாம். இன்றைய உடம்புக்கு ஏற்றதைத் தேர்ந்துகொண்டு தயங்காமல் ஏறட்டும்.