யாரை உள்ளே எடுப்பது? பம்பலப்பிட்டியில் ஒரு குடும்ப வரலாற்றுச் சங்கம்

பம்பலப்பிட்டியில் சில தெருக்களின் பெயரைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள்: லோரன்ஸ் வீதி, டீ கிரெட்ஸர் பிளேஸ், டீ வோஸ் அவெனியூ. எல்லாம் பறங்கியர் குடும்பப் பெயர்கள். இப்ப அந்தத் தெருக்களில் கூடுதலாக இருக்கிறது தமிழரும் முஸ்லிம்களும். பறங்கியர் மிகச் சிலர். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கவே சுமார் 38,000 பேர்தான்.

ஆனால் கொழும்பு 4இல் அவர்களுக்கு இன்னும் ஒரு கட்டடம் இருக்கு. ரீட் அவெனியூவில், தும்முல்லைச் சந்திக்குக் கிட்ட. எங்களில் பலருக்கு அது லாம்பிரைஸ் சாப்பிடப் போற இடம், அவ்வளவுதான். அது டச்சுப் பறங்கியர் சங்கத்தின் கட்டடம். குடும்ப வரலாறு எழுதுவதை ஒரு சங்கத்தின் வேலையாக எடுத்து, குழு போட்டு, பதிவேடு பார்த்து, அச்சிட்டு வைத்தவர்கள் இவர்கள். அந்தச் சங்கம் எப்படி இயங்கியது எண்டு பார்ப்பது எங்களுக்கும் உதவும். ஏனென்றால் கொழும்புத் தமிழ்க் குடும்பங்களின் கதையை யாராவது சேர்க்க வேண்டும் என்ற பேச்சு எங்களுக்குள் அடிக்கடி வருகிறது. சேர்க்கலாம். ஆனால் யார் சேர்க்கிறது, எந்த விதிப்படி?

சங்கம் 1908 ஜனவரியில் தொடங்கியது. முன்னின்றவர் ஆர். ஜி. அந்தோனிஸ். காலியில் பிறந்தவர். அரசாங்கச் சுவடிக் காப்பாளராக இருந்து, ஒல்லாந்தர் காலத்துப் பதிவேடுகளோடு வாழ்ந்தவர். லண்டனில் இன்றும் இயங்கும் வம்சாவளி ஆய்வாளர் சங்கம் 1911இல்தான் வந்தது. கொழும்புக்காரர் அவர்களுக்கு மூன்று வருடம் முந்திவிட்டார்கள்.

நிருவாக அமைப்பு எங்களுக்குப் பழக்கமானதுதான். தலைவர், கௌரவ செயலாளர், கௌரவ பொருளாளர், பொதுக்கூட்டத்தில் தெரிவாகும் பொதுக்குழு. பொதுக்குழுவில் கொழும்பு அங்கத்தவரும் இருந்தார்கள், வெளியூர் அங்கத்தவரும் இருந்தார்கள். அதற்குக் கீழே வேலையைப் பிரித்துக்கொண்ட நிலையான குழுக்கள்: வம்சாவளி ஆய்வுக்கு ஒன்று, சமூக சேவைக்கு ஒன்று, இலக்கிய நிகழ்வுகளுக்கு ஒன்று, இப்படி. வறுமைப்பட்ட பறங்கியர் குடும்பங்களுக்கு உதவுவதும் டிசம்பரில் பிள்ளைகளுக்குப் புனித நிக்கலஸ் விழா நடத்துவதும் அதே சங்கத்தின் வேலைகள். ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம் நடத்துகிற ஆட்களுக்கு இந்த அமைப்பை விளக்கவே தேவையில்லை.

இதில் கவனிக்க வேண்டியது வம்சாவளிக் குழு. சங்கத்தில் சேர்வதற்கு சந்தா மட்டும் போதாது, பரம்பரையையும் காட்ட வேண்டும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் அல்லது அதன் ஆட்சியின் கீழ் இலங்கையில் இருந்த ஓர் ஐரோப்பியரின் ஆண்வழி வாரிசாக இருக்க வேண்டும் என்பதுதான் மூல யாப்பின் அடிப்படை விதி. அந்த முன்னோர் ஒல்லாந்தராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கம்பனி ஜெர்மானியரையும் பிரெஞ்சுக்காரரையும் சுவீடன்காரரையும் வேலைக்கு வைத்திருந்தது. அப்பாவின் அப்பாவின் அப்பா என்று ஏறிப்போய் அவர்களில் ஒருவரைத் தொட்டால் சரி.

தொட்டதை எப்படி நிரூபிப்பது? அதற்குத்தான் ஆவணம். வுல்பெந்தால் தேவாலயம் கொட்டாஞ்சேனைப் பக்கம் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் முடிந்தது. ஒல்லாந்தத் திருச்சபையின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகள்தான் இந்த வம்சாவளிகளின் முதுகெலும்பு. கம்பனியின் காகிதங்கள் இன்று தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. அதுவும் பழைய ரீட் அவெனியூவில்தான். தெருவின் அந்தப் பகுதிக்கு இப்போது பிலிப் குணவர்தன மாவத்தை என்று பெயர். சங்கமும் சுவடியும் ஒரே தெரு.

தேடியதைச் சங்கம் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. 1908இலேயே சொந்தச் சஞ்சிகை ஒன்று தொடங்கி, குடும்பம் குடும்பமாக வம்சாவளிகளை அச்சிட்டார்கள். பிற்காலத்தில் டி. வி. ஆல்டென்டோர்ஃப் என்பவர் ஒருவரே ஏராளமான குடும்பங்களின் வம்சாவளிகளைத் தொகுத்தார். ஒவ்வொரு தலைமுறைக்கும் ரோம எண். பிறந்த திகதி, ஞானஸ்நானம், எந்தத் தேவாலயத்தில் கல்யாணம், பிள்ளைகள் யார் யார். இன்று மெல்பேர்னில் இருக்கும் ஒரு பறங்கியப் பிள்ளை தன் பூட்டனின் பூட்டனைத் தேடினால் கண்டுபிடிக்கலாம். எங்களில் எத்தனை பேரால் அது முடியும்?

இது வரைக்கும் பொறாமைப்படத்தக்க கதைதான். இனித்தான் சிக்கல்.

அந்த வம்சாவளிகளில் ஒரு மகள் கல்யாணம் கட்டினால் அவளுடைய பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் வரும். அதோடு அவளுடைய கிளை அந்தப் பக்கத்தில் நின்றுவிடும். அவளுடைய பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமென்றால் கணவனுடைய குடும்ப வம்சாவளிக்குப் போக வேண்டும். கணவன் பறங்கியர் இல்லையென்றால் அவர்கள் பெரும்பாலும் எங்கேயும் இல்லை.

முதல் தலைமுறையில் இது இன்னும் மோசம். கம்பனிக்காரர் கப்பலில் வந்தபோது கூடவே ஐரோப்பியப் பெண்கள் அதிகம் வரவில்லை. அவர்கள் கட்டியது பெரும்பாலும் இங்கே பிறந்த பெண்களை: போர்த்துக்கேயக் கலப்பில் வந்தவர்களை, சிங்களப் பெண்களை, தமிழ்ப் பெண்களை. வம்சாவளியில் கணவனுக்கு ஊர், கப்பல், உத்தியோகம் எல்லாம் இருக்கும். மனைவி பல இடங்களில் வெறும் பெயரோடு நிற்பாள். தாய் தகப்பன் இல்லை, ஊர் இல்லை.

கணக்காகவே பார்க்கலாம். ஒருவருக்கு மூன்று தலைமுறைக்கு முன்னால் எட்டுப் பூட்டன் பூட்டிமார். ஆண்வழி அதில் ஒருவரைத்தான் காட்டும். ஏழு தலைமுறை போனால் 128 பேர். அப்போதும் ஒரே ஒருவர். மிச்சம் 127 பேரின் இரத்தமும் பாஷையும் சமையலும் சேர்ந்துதான் அந்தக் குடும்பம். ஆனால் வாசலில் கேட்கப்படுவது அந்த ஒருவரை மட்டும்.

வாசலுக்கு வெளியே நின்றவர்களும் இருந்தார்கள். மட்டக்களப்பில் தமிழும் போர்த்துக்கேயக் கிரியோலும் பேசும் பறங்கியர் இருக்கிறார்கள். தச்சு வேலை, கொல்லு வேலைக்குப் பேர்போன சமூகம். அவர்களும் பறங்கியர்தான், ஆனால் கொழும்புச் சங்கத்தின் விதி அவர்களை மனதில் வைத்து எழுதப்படவில்லை. அவர்களுக்கு மட்டக்களப்பில் தனியாகக் கத்தோலிக்கப் பறங்கியர் சங்கம் இருக்கு.

சும்மா பழைய பெருமைக்காக எழுதின மரம்தானே, இதில் யாருக்கு என்ன நட்டம் எண்டு கேட்கலாம். மரம் சும்மா இருக்கவில்லை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு ஆங்கிலத்தில் வேலை செய்த பறங்கியர் கூட்டமாக அவுஸ்திரேலியாவுக்குப் போகத் தொடங்கினார்கள். அந்த நாட்களில் அவுஸ்திரேலியா வெள்ளையரை மட்டும் எடுக்கும் கொள்கையோடு இருந்தது. கலப்பினத்தவர் என்றால் 75 சதவீதம் ஐரோப்பிய வம்சம் என்று காட்ட வேண்டும். அப்போது இந்த வம்சாவளிகள்தான் கைகொடுத்தன. பூட்டியின் ஊர் எழுதப்படாமல் விடப்பட்டது ஒரு குடும்பத்துக்கு விசாவாகவே மாறியிருக்கலாம். அந்தக் கொள்கை 1973இல் ஒழிந்தது.

எங்கள் பக்கம் இதே விதி கதவைத் திறக்கவில்லை, மூடியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அங்கேயும் ஆண்வழிதான், காகிதத்தில்தான். தோட்டத்து லயத்தில் பிறந்த ஒருவருக்குப் பாட்டனின் பிறப்புப் பதிவு எங்கே கிடைக்கும்? ஏழு இலட்சம் அளவிலான மலையகத் தமிழர் நாடற்றவராகினர். உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்தவரா என்று கேட்கிற கூடு இருக்கும். அந்தக் காலத்தின் தடயம் அது. தாய் வழியாகவும் பிள்ளைக்குப் பிரசாவுரிமை போகலாம் என்று சட்டம் மாறியது 2003இல்.

ஆக, வம்சாவளி விதி சங்கத்து மேசைக்குள் நிற்காது. எவரை எண்ணுவது என்று ஒரு கூட்டம் தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானம் பிறகு விசா அலுவலகத்திலும் பதிவாளர் கந்தோரிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இப்ப எங்கட கதைக்கு வருவம். தமிழரிடம் குடும்ப வரலாற்று ஆவணம் இல்லை என்று சொல்ல முடியாது. 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கிற கல்வெட்டு, நினைவு மலர் எல்லாவற்றிலும் வம்சாவளி இருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இந்த மலர்களையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. யாழ்ப்பாணத்துக்கு ஒல்லாந்தர் எழுதிய தோம்பு இருக்கிறது. வீட்டு அலுமாரிகளில் காணி உறுதிகள் இருக்கின்றன. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வீடுகளோடு எரிந்துபோனவை போக மிஞ்சியவை.

இந்த உறுதிகளில் ஒரு விசேஷம் உண்டு. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையின்படி யாழ்ப்பாணத்தில் சீதனக் காணி தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆகவே ஒரு காணியின் உறுதிகளைப் பின்னோக்கி வாசித்தால் அம்மம்மா, அவருடைய அம்மா, அவருடைய அம்மா என்று பெயர்கள் வரும். தகப்பன்வழி மரம் தொலைக்கிற ஆட்களை உறுதி வைத்திருக்கிறது. மட்டக்களப்பிலோ தமிழரும் முஸ்லிம்களும் குடியைத் தாய்வழியாகவே எண்ணுகிறார்கள். ஆண்வழியை மட்டும் எழுதுகிற சங்கம் அங்கே வரலாற்றையே பிழையாக எழுதும்.

தோம்பு வேறு எச்சரிக்கை தரும். அது வரிக்கும் ஊழியத்துக்கும் எழுதப்பட்ட பதிவேடு, அதனால் சாதியையும் எழுதியது. எங்கட ஆட்கள் ‘வம்சாவளிச் சங்கம்’ என்று பலகை போட்டால் இரண்டாம் கூட்டத்திலேயே அது சாதிச் சங்கமாகிவிடும் ஆபத்து உண்டு. யாரும் கெட்ட எண்ணத்தோடு தொடங்கத் தேவையில்லை. ‘எங்கட ஆக்கள்’ என்று அங்கத்துவ விதியில் ஒரு வரி வந்தாலே போதும்.

அப்படியென்றால் என்ன விதி? எங்களுக்குள் பேசி வைத்திருப்பது இவ்வளவு. அங்கத்துவத்துக்குப் பரம்பரை கேட்கக் கூடாது. வேலை செய்ய விரும்புகிற எவரும் வரலாம், சிங்களவரும் பறங்கியரும் உட்பட. ஒவ்வொரு பெயருக்கும் தாயின் பெயரும் தாயின் ஊரும் எழுதாமல் பதிவு முடியக் கூடாது. தெரியாவிட்டால் அந்த இடம் வெற்றாகவே தெரிய வேண்டும், மூடி மறைக்கக் கூடாது. ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும்: உறுதியா, மலரா, அப்பம்மா சொன்னதா. பழைய ஆவணத்தில் சாதி இருந்தால் ஆவணத்தைத் திருத்தக் கூடாது, ஆனால் எங்கள் பட்டியலில் அதற்கு ஒரு கூடு போடக் கூடாது. உயிரோடு இருப்பவர்களின் விபரம் அவர்கள் சம்மதமில்லாமல் வெளியே போகக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டம், கணக்கு எல்லோர் முன்னிலையிலும். பிரதிகள் ஒரு ஊரில் மட்டும் இருக்கக் கூடாது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த பிறகு இந்தக் கடைசி விதிக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

டச்சுப் பறங்கியர் சங்கத்திடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கு: பதிவேட்டை நேரில் பார்க்கிற பழக்கம், அச்சிட்டு எல்லோருக்கும் திறந்துவிடுகிற துணிவு, தலைவர் மாறினாலும் நிற்காத குழு வேலை. அவர்களுடைய யாப்பை விமர்சிக்க முடிகிறதே அவர்கள் அதை எழுதி வெளியிட்டதால்தான். எங்கட ஆட்களிடம் எழுதாத விதிதான் கூட.

யாப்பு எழுதக் கூட்டம் கூடும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு அப்பியாசக் கொப்பி போதும். முதல் பக்கத்தில் அம்மம்மாவின் அம்மாவுடைய முழுப்பெயர், பிறந்த ஊர். தெரியாவிட்டால் இன்று இரவே வீட்டில் கேளுங்கள். யார் சொன்னார்கள், எந்தத் திகதியில் சொன்னார்கள் என்பதையும் கீழே எழுதி வையுங்கள்.