காலந்தாழ்ந்த வினா

புத்தளக் கரையில் ஒருவன் சித்தங் கலங்கினால் உற்றார் தலவில ஆலயத்திலே நேர்த்தி வைப்பர். மருத்துவத்துக்கோ, 1926ஆம் ஆண்டில் அங்கொடை மருத்துவமனை அமைந்த பின்னரும், நெடுங்காலம் கொழும்புப் பக்கமே செல்லவேண்டியிருந்தது. 1873ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தகையோனை முதலில் நீதிமன்றத்தின் முன்னரே நிறுத்திற்று.

அவன் கொலை புரிந்துவிட்டால், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு அவன் சித்தநிலையை வினவும். இந்தியச் சட்டத்தின் 84ஆம் பிரிவும் அதையே வினவியது. இவ்வினா எத்துணை காலந்தாழ்ந்தது என்பதற்குப் பம்பாயில் நிகழ்ந்த ராமன் ராகவ் வழக்கே சான்று.

நடைபாதைகளிலும் குடிசைகளிலும் உறங்கிய ஏழைகளைக் கொன்ற அவன், முன்னொருமுறை பொலிசாரிடம் அகப்பட்டும் விடுவிக்கப்பட்டவன். 1968 ஆகஸ்டிலே மீண்டும் பிடிபட்டான். பொலிஸ் மருத்துவர் அவனைச் சித்தந் தெளிந்தவன் என்றார், மரணதண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் மேல்நீதிமன்றம் அமைத்த மூவர் மருத்துவக் குழுவோ தீராத மனநோய் என்றது. 1987இல் தண்டனை ஆயுட்சிறையாயிற்று. 1995இல் அவன் இறந்தான்.

மனநோயாளருட் பெரும்பாலார் எவருக்கும் தீங்கிழைக்காதவர். எனினும், நோயை இனங்காணும் கண் கொலைக்களத்திலேதான் திறக்குமாயின், மாண்டவருக்கும் நோயாளிக்கும் அதனால் வரும் பயன் யாது? 2005ஆம் ஆண்டின் இலங்கை மனநலக் கொள்கை சிகிச்சையை மாவட்டந்தோறும் கொண்டுசெல்ல முனைந்தது. கரையோரக் குடிலுக்கு மருத்துவர் முந்திச் சென்றால், நீதிபதி அவ்வினாவை எழுப்ப நேராது.