மணலை எடுக்கச் சொன்னவன் நான்

எங்கள் தெருமுனைப் பூங்காவை மாற்றிக் கட்டப் போகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை காலை, பொறியாளர் பெண் ஒருவர் சுருட்டிய வரைபடத்தோடு வந்து, வேப்பமரத்தடியில் அதை விரித்து, காற்றில் பறக்காமலிருக்க மூலைக்கொரு செங்கல் வைத்தார். "உங்க பார்க்குங்க. என்ன வேணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். பழைய வண்ணாரப்பேட்டையில் எழுபது வருடமாக இருக்கிறேன். அதில் முப்பத்துமூன்று வருடம் விசில் ஊதிய பி.டி. மாஸ்டர். பூங்கா விஷயத்தில் இப்படி ஒருவர் வந்து கேட்டு நான் பார்த்ததில்லை.

கேட்டதும் ஆளாளுக்குப் பேசினார்கள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் நடைபாதையை அகலமாக்கச் சொன்னார். சர்க்கரை உள்ளவர்கள் அத்தனை பேரும் அதற்குக் கை தூக்கினார்கள். பையன்கள் ஓப்பன் ஜிம்மில் இன்னும் நாலு மெஷின் வேண்டும் என்றார்கள். பூக்கட்டும் அக்கா, "மொதல்ல லைட்டப் போடும்மா. ஆறு மணிக்கு மேல பொம்பளைங்க எப்டி உள்ள வர்றது? ஒரு பாத்ரூமும் இல்ல" என்றார். அன்று பேசியதில் அதுதான் உருப்படியான பேச்சு. எல்லாம் முடிந்து செங்கல்லை எடுக்கும் நேரத்தில், கேட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த எட்டு வயதுப் பையன் ஒருவன் அங்கிருந்தே கத்தினான்: "அக்கா, மணலு போடுவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். "மணல் போட்டா நாய் அசிங்கம் பண்ணிடும் தம்பி. மெத்து மெத்துன்னு ரப்பர் தரை போடுறோம்" என்றார் பொறியாளர். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன் கொஞ்சம் பழங்கதை.

பட்டணத்தில் பூங்கா என்பது மேலிருந்து கொடுக்கப்பட்டது. 1859-ல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் சென்ட்ரல் பக்கத்தில் 116 ஏக்கரில் ஒரு பூங்காவுக்கு வழிசெய்தார். பெயர் பீப்பிள்ஸ் பார்க், மக்கள் பூங்கா. பெயரில் மக்கள் இருந்தார்கள். குளங்கள், பாண்டு வாசிக்க மேடை, பிறகு மிருகக்காட்சிசாலை என்று எல்லாம் வந்தன. அந்த மிருகக்காட்சிசாலைக்குப் பட்டணத்து ஜனங்கள் வைத்த பெயர் 'உயிர் காலேஜ்'. எழும்பூர் அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. எங்கள் அப்பா கடைசிவரை வேறு பெயர் சொல்லவில்லை. பொங்கல் மறுநாள் கட்டுச்சோற்றோடு எங்களை நடத்தியே உயிர் காலேஜுக்குக் கூட்டிப் போவார்.

கொடுத்ததை எடுப்பதற்கும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. 1900-ல் மூர் மார்க்கெட், 1913-ல் ரிப்பன் கட்டடம், பிறகு விளையாட்டரங்கம் என்று மக்கள் பூங்காவை வெட்டி வெட்டி எடுத்தார்கள். விலங்குகள் 1985-ல் வண்டலூருக்குப் போயின. மாநகராட்சியின் தலைமை அலுவலகமே ஒரு பூங்காவின் மண்ணில்தான் நிற்கிறது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். மிச்சமாக மை லேடீஸ் பூங்கா இருக்கிறது.

எங்கள் பக்கத்துக்கு ராபின்சன் பூங்கா. இன்று அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பர் 18-ம் தேதி கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது இங்கேதான். வடசென்னையில் அந்த மழையில் நனையாத தாத்தாவே கிடையாது. கேட்டால் எல்லோரும் முன்வரிசையில் நின்றதாகத்தான் சொல்வார்கள். அதற்கும் முன்பே அந்தப் பூங்காவுக்கு இன்னொரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. மாநகராட்சியின் மின்பொறியாளர் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி 1924-ல் ஒரு வானொலிக் கழகம் தொடங்கினார். பணமில்லாமல் அது மூன்றே வருடத்தில் நின்றுபோனது. அதன் ஒலிபரப்பிக் கருவியை வாங்கிக்கொண்டு 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே வானொலி நடத்தியது. வீட்டில் ரேடியோ யாரிடம் இருந்தது? ஆகவே மெரினா, ஐகோர்ட் கடற்கரை, பீப்பிள்ஸ் பார்க், ராபின்சன் பூங்கா ஆகிய இடங்களில் ஒலிபெருக்கி கட்டினார்கள். 1938-ல் அகில இந்திய வானொலி வந்து அந்த ஒலிபரப்பை எடுத்துக்கொண்டது. ஆனாலும் பூங்காவில் ரேடியோ கேட்கும் பழக்கம் போகவில்லை. என் சின்ன வயதில் எங்கள் தெருமுனைப் பூங்காவிலேயே ஒரு ரேடியோ அறை இருந்தது. தோட்டக்காரர் சாயங்காலம் சாவியோடு வந்து அதைத் திறப்பதற்குள் திண்ணையில் இடம் நிரம்பிவிடும். செய்திக்குப் பெரியவர்கள், பாட்டுக்கு நாங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பூங்காவை எதற்குப் பயன்படுத்தினார்களோ அதுதான் அன்றைக்கு ஜனங்கள் சொன்ன கருத்து. பூச்செடி பார்க்கக் கொடுத்த இடத்தில் அரசியல் பேசினார்கள், பாட்டுக் கேட்டார்கள், மதியத்தில் படுத்துத் தூங்கினார்கள். மரக்கிளையில் தாம்புக்கயிறு கட்டி ஊஞ்சலாடினார்கள்.

விளையாட்டுக்கென்று இரும்பு வந்த கதை தனி. 1919-ல் ஹாரி குரோவ் பக் என்ற அமெரிக்கர் மதராஸ் வந்தார். அடுத்த வருடமே ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அந்த வகையில் முதலாவது என்று சொல்லி எங்களைப் பெருமைப்பட வைப்பார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு சென்றவரும் அவர்தான். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் விசில் ஊதிய மாஸ்டர்கள் அவர் போட்ட பாதையில் வந்தவர்கள். நானும் நந்தனத்தில் அந்தக் கல்லூரியின் மரங்களுக்கு அடியில் ஓடியவன்தான். ஆனால் பக் வந்துதான் எங்கள் பேட்டை உடம்பை வளர்த்தது என்று எழுதினால் என் தாத்தா அடிக்க வருவார். தேகப்பயிற்சி சாலையில் கர்லாக்கட்டை சுற்றியவர் அவர். செம்மண் கிளறிய தரை, சுவரில் அனுமார் படம், காலையில் ஐந்நூறு தண்டால், ஐந்நூறு பஸ்கி. குத்துச்சண்டைப் பரம்பரைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு வளர்ந்த பூமி இது. இரண்டு வழியும் சேர்ந்த இடம் பூங்காவின் மூலையில் நின்ற சிங்கிள் பார். கர்லா சுற்றியவனும் அதில் தொங்கினான், கல்லூரிக்குப் போனவனும் தொங்கினான்.

எங்கள் பூங்காவில் அந்த பாருக்கும், இரண்டு ஊஞ்சலுக்கும், சறுக்குமரத்துக்கும், சீசாவுக்கும் அடியில் மணல் இருந்தது. முழங்கால் வரை புதையும். பாலாற்று மணல் என்பார்கள். வெயிலில் மேல்மணல் சுடும், ஒரு சாண் தோண்டினால் ஈரம். பெண்பிள்ளைகள் அதில் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் விளையாடுவார்கள். நாங்கள் ஊஞ்சலை முன்னால் வீசிவிட்டு உச்சியிலிருந்து குதிப்போம். யார் தூரம் குதித்தார்கள் என்று மணலே அளந்து சொல்லும். நீளம் தாண்டுதல் என்று ஒரு பந்தயம் இருக்கிறது, அதற்கு மெடல் தருவார்கள் என்று தெரியும் முன்பே அதை அங்கே பழகிவிட்டேன்.

இனி காரணத்துக்கு வருகிறேன்.

1996-ல் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். மணலில் நாய்கள் படுத்தன. ராத்திரியில் வந்து குடித்தவர்கள் பாட்டிலை உடைத்துப் போட்டார்கள். ஒரு குழந்தையின் குதிகாலில் கண்ணாடி ஏறி மூன்று தையல். நாலு பேர் வீட்டுக்கு வந்து, "மாஸ்டர், நீங்கதான் எழுதத் தெரிஞ்சவரு" என்றார்கள். எழுதினேன். மணலை அகற்றி சிமென்ட் தளம் போட்டுத் தரும்படி ஒரு பக்க மனு, கீழே 42 கையெழுத்து. நாற்பத்திரண்டில் ஒன்றுகூடப் பிள்ளையுடையது இல்லை. பூட்டு வேண்டும், விளக்கு வேண்டும், ராத்திரி காவலுக்கு ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. என்ன ஆச்சரியம், நாலே மாதத்தில் காரியம் நடந்தது! மணலை லாரியில் அள்ளினார்கள், சிமென்ட் போட்டார்கள். நான் மாலை போட்டுக்கொண்டேன்.

சிமென்ட் போட்ட பிறகு யாரும் ஊஞ்சலிலிருந்து குதிக்கவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு மண்டை உடைந்தது. அப்புறம் ஊஞ்சலையே கழற்றினார்கள், சறுக்குமரத்தையும் எடுத்தார்கள். சிமென்ட் தரை மட்டும் மிஞ்சியது. தேர்தல் நேரத்தில் அதில் நாற்காலி போட வசதியாக இருந்தது.

இதில் எனக்கு இன்னொரு வெட்கம் உண்டு. கல்லூரியில் உடற்கல்வி வரலாறு என்று ஒரு தாள். விளையாட்டுத்திடல் என்ற ஏற்பாடு எப்படிப் பிறந்தது என்பது அதில் வரும். 1885-ல் மேரி ஜக்ரெவ்ஸ்கா என்ற பெண் மருத்துவர் பெர்லினுக்குப் போனார். அங்கே பூங்காக்களில் பிள்ளைகளுக்காக மணல் குவித்து வைத்திருப்பதைக் கண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்குக் கடிதம் எழுதினார். உடனே பார்மென்டர் தெருவில், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில், ஒரு சிறு தேவாலய முற்றத்தில் மணலைக் கொட்டினார்கள். அமெரிக்காவில் விளையாட்டுத்திடல் தொடங்கியது அப்படித்தான். ஊஞ்சலோ சறுக்குமரமோ அதில் கிடையாது, வெறும் மணல் குவியல்தான். அந்தத் தாளில் எனக்கு நல்ல மார்க். வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஆம்ஸ்டர்டாம் கதையைப் பின்னால்தான் படித்தேன். போர் முடிந்து நகரம் நொந்து கிடந்தபோது, மாநகராட்சியில் வேலை பார்த்த ஆல்டோ வான் எய்க் என்ற இளம் கட்டடக்கலைஞரிடம் ஒரு சதுக்கத்தைக் கொடுத்தார்கள். 1947. அகலமான விளிம்பு வைத்த ஒரு மணல் தொட்டி, தலைகீழாகத் தொங்கச் சில கம்பிகள், சில கற்கள், மரங்கள், பெரியவர்கள் உட்கார பெஞ்சு. அவ்வளவுதான். கம்பிகளின் படத்தைப் பார்த்தபோது நம்ம சிங்கிள் பாரைக் குட்டையாக்கி நட்டது போலிருந்தது. அதைப் பார்த்த மற்ற தெருக்காரர்கள் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று மாநகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். கடிதம் வர வர, குப்பை கிடந்த மனை, இரண்டு வீட்டுக்கு நடுவில் இருந்த சந்து எல்லாம் திடலாயின. 1978-க்குள் சுமார் 700. அவர்களும் மனு எழுதினார்கள், நானும் மனு எழுதினேன். அவர்கள் மணலைப் போடச் சொன்னார்கள்.

ஓப்பன் ஜிம்முக்கும் இப்படி ஒரு பூர்வீகம் உண்டு. 1968-ல் சூரிச் நகரத்துக் காட்டுப்பாதையில் ஓட்டமும் உடற்பயிற்சியுமாக வழிநெடுக நிலையங்கள் அமைத்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் சீனாவில் தெருவுக்குத் தெரு இரும்புக் கருவிகள் வந்தன. அங்கிருந்து உலகம் சுற்றி எங்கள் சிமென்ட் தரைக்கும் ஆறு வந்து சேர்ந்தது. பி.டி. மாஸ்டர் என்பதால் எல்லோரும் என்னைக் கேட்பார்கள். நடக்க முடியாத முழங்காலுக்கு ஏர் வாக்கர் நல்லதுதான். ஆனால் கடற்காற்றில் பேரிங் ஆறு மாதம் தாங்காது, எண்ணெய் விட ஆள் வேண்டும். எங்கள் ஆறில் நான்கு சங்கிலி கட்டிக் கிடக்கின்றன. லெக் பிரஸ் சீட்டில் உட்கார்ந்து தினத்தந்தி படிக்கிறார்கள். மிச்சம் ஓடுகிற ஏர் வாக்கரில் இரண்டிரண்டு பிள்ளைகளாக ஏறி ஊஞ்சலாடுகிறார்கள். ஊஞ்சல் இல்லையென்றால் வேறு எதில் ஆடுவார்கள்?

2022 நவம்பர் 1-ம் தேதி முதல் நகரங்களிலும் ஏரியா சபை கூடத் தொடங்கியிருக்கிறது. கிராமத்தானுக்கு இருந்த சபை நமக்கும் வந்தது நல்ல காரியம். ஆனால் அதில் ஓட்டுப் போடுகிற வயதுக்காரர்கள்தான் பேசுவார்கள். பூங்காவை அதிகம் தேய்ப்பவர்கள் கேட்டின் மேல் உட்கார்ந்திருப்பார்கள்.

கூட்டம் கலைந்ததும் பொறியாளரிடம் தனியாகப் போய் என் மனுவின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நாய் வராமல் இடுப்பளவு கம்பிவேலி, அதற்கொரு தாழ்ப்பாள், ராத்திரியில் தார்ப்பாய் மூடி, வருடத்துக்கு ஒருமுறை மணல் மாற்றம், இவ்வளவும் செய்தால்தான் சாத்தியம் என்றார். தாழ்ப்பாளும் தார்ப்பாயும் என் பொறுப்பு என்றேன். வேப்பமர நிழல் விழும் இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, "இப்போதைக்கு இருக்கட்டும் சார், மத்தவங்களும் கேட்டா பார்ப்போம்" என்று வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டார்.

வட்டம் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது. வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அதே மரத்தடியில் இரண்டாவது கூட்டம். அக்கம்பக்கத்துக்காரர்கள் தயவுசெய்து வரும்போது வீட்டிலுள்ள பொடிசுகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர்கள் பேசி முடித்த பிறகு நாம் பேசலாம்.