கல்யாண டேப்பில் ஒரு தோட்டம்



"கைப்பேசியிலேயே படம் பிடித்து உடனே பார்க்கிற காலத்தில் வீடியோ டேப் எதற்கு?" என்று எதிரணி நண்பர் கேட்டார். புக்கிட் தெங்காவில் எங்கள் வீட்டில் டேப் ஓட்டும் பெட்டி இன்னும் வேலை செய்கிறது. அதை ஏன் வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன்.

1975-இல் சோனியின் பீட்டாமேக்ஸ் வந்தது. மறு ஆண்டே ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். முறையைக் கொண்டு வந்தது. ஒரே டேப்பில் அதிக நேரம் பதிவு செய்ய முடிந்தது. பல நிறுவனங்கள் அந்தப் பெட்டியைத் தயாரித்தன. அதனால் வி.எச்.எஸ். வென்றது. மலேசியாவில் 1978-இல் வண்ணத் தொலைக்காட்சி தொடங்கியது. எண்பதுகளில் தமிழ்ப் பட டேப்புகளை வாடகைக்கு எடுத்து அண்டை அயலாரோடு கூடிப் பார்த்தோம். பிறகு கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாம் டேப்பில் ஏறின.

அப்போது செபராங் பிறையில் நம்மவர் பலர் தோட்ட லயங்களில் வாழ்ந்தார்கள். பின்னாளில் பல தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. என் அக்காவின் கல்யாண டேப்பில் மணமக்களுக்குப் பின்னால் தெரிவது எங்கள் லயம்தான். பொதுக் குழாய் தெரிகிறது, மாரியம்மன் கோயில் தெரிகிறது, பந்தலடியில் பிள்ளைகளை அதட்டும் அம்மாவின் குரல் கேட்கிறது. இன்று அம்மாவும் இல்லை, லயமும் இல்லை. படமெடுத்தவர் பெண் மாப்பிள்ளையைத்தான் எடுத்தார். தம்மை அறியாமல் ஒரு தோட்டத்தையே எடுத்து வைத்துவிட்டார்!

எதிரணி சொல்வதில் ஓர் உண்மை உண்டு. டேப் நிரந்தரமல்ல. பிளாஸ்டிக் நாடாவில் காந்தத் துகள்களைப் பசை போன்ற பொருளால் ஒட்டியிருக்கிறார்கள். நம் நாட்டு ஈரக்காற்றில் அந்தப் பசை கெடும், பூஞ்சை படியும். பெட்டியும் இனிப் புதிதாகக் கிடைக்காது. கடைசிவரை தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. காந்த நாடாப் பதிவுகளை 2025-க்குள் மாற்றாவிட்டால் பலவற்றை என்றென்றைக்கும் இழக்க நேரிடலாம் என்று 2019-இல் யுனெஸ்கோ எச்சரித்தது. அந்த ஆண்டும் கடந்துவிட்டது.

ஆகவேதான் பெட்டி வேண்டும் என்கிறேன். டேப்பைக் கணினிக்கு மாற்றவும் அந்தப் பெட்டிதான் ஓட வேண்டும். 3 மணி நேர டேப்புக்கு 3 மணி நேரம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. அக்காவின் டேப்பை மாற்றி, பிள்ளைகளுக்கெல்லாம் பிரதி கொடுத்துவிட்டேன்.

நேயர்களே, வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். பூஞ்சை படிந்த டேப்பை அப்படியே ஓட்டாதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். உங்கள் வீட்டுக் கல்யாண டேப்பிலும் ஒரு தோட்டம் இருக்கக்கூடும்.